காங்கேசன்துறை (தொழில் நகரம்)

காங்கேசன்துறை, இலங்கையின் வடகரையில், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள துறைமுக நகரம். பேச்சுவழக்கில் கே.கே.எஸ். வெளியூரார் இதை அறிந்தது பெரும்பாலும் சீமெந்தால்தான்.

அரச சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இங்கு இயங்கத் தொடங்கியது. கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் சேர்த்துப் பேசப்படுவதுண்டு. மூன்றிலும் காங்கேசன்துறைக்கே இயற்கை தாராளமாகக் கைகொடுத்தது எனலாம்: மூலப்பொருளான சுண்ணக்கல் ஊரின் காலடியிலேயே கிடந்தது. சுண்ணக்கல்லோடு சேர்க்க வேண்டிய களி மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. வெள்ளாங்குளம், பூநகரி ஊடாக நேர் வடக்கே போக இருப்புப்பாதை இல்லை. ஆகவே முருங்கன் களி தென்கிழக்கே மதவாச்சிக்குப் போய், அங்கிருந்து வடபாதையில் திரும்பித்தான் வரவேண்டியிருந்தது. சுண்ணக்கல்லையும் களியையும் அரைத்துச் சூளையில் 1,400 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டிகள் கிடைக்கும். அவற்றை ஜிப்சத்தோடு பொடியாக்கினால் சீமெந்து.

ஆலையை ஒட்டியே நகரும் வளர்ந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலுக்கும் இதுவே வடமுனை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது ஆலை நின்றது. காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் மொத்தமாக இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நலன்புரி நிலையங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குச் சொந்த ஊர் பெற்றோர் சொல்லக் கேட்டதுதான். போர் முடிந்த 2009க்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன, எல்லாம் அல்ல. திரும்பியவர்களுக்குப் பல இடங்களில் கூரையற்ற சுவரும் அதைப் பிளந்து வளர்ந்த மரமுமே மிஞ்சின.

கல் அகழ்ந்த குழிகள் தனிப் பிரச்சினை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிரந்தர ஆறு இல்லை. கிணற்று நீர் முழுவதும் இதே சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர். கரையோரம் ஆழத் தோண்டினால் உவர்நீர் உட்புகும் அபாயம் உண்டு. ஆலை மறுபடி திறக்குமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் வேலைவாய்ப்பைச் சொல்வோரும் கிணற்றைச் சொல்வோரும் எதிரெதிரே நிற்பது இதனால்தான். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் சீமெந்தைக் கப்பலில் இறக்கலாம், நன்னீரை அப்படி இறக்க முடியாது.

போரால் நின்றிருந்த ரயில் 2015 சனவரியில் திரும்பியது. நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் முதன்முறை வந்து, சில நாட்களில் நின்று, 2024 ஆகத்தில் மீண்டும் தொடங்கியது.