ஓரணு தடிமனை ஒளி சொல்லும்

பொதட்டூர்பேட்டைத் தறியில் நெய்த துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழை நெருக்கம் தெரிந்துவிடும். ஓர் அணு மட்டுமே தடிமனான தாளை எப்படிப் பார்ப்பது?

பென்சில் கரியான கிராஃபைட், கார்பன் தாள்களின் அடுக்கு. 2004இல் மான்செஸ்டரில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் அதிலிருந்து ஒற்றைத் தாளைப் பிரித்தார்கள். அதுவே கிராஃபீன்.

கையில் இருப்பது ஒரு தாளா, ஐந்தா? அது தவறினால் அதன்மேல் செய்யும் ஆய்வு முழுவதும் தவறும். இதற்கு உதவுவது, திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட ராமன் விளைவு.

தாளின்மீது லேசர் பட்டால், ஒளியில் மிகச் சிறு பங்கு அணுக்களின் அதிர்வால் நிறம் மாறிச் சிதறும். அதைப் பிரித்து வரைந்தால் உச்சிகள் தெரியும். ஒற்றைத் தாளில் 2,700 அலையெண் அருகே உள்ள உச்சி கூர்மையாக நிற்கும். அடுக்கு கூடினால் அகன்று வடிவம் மாறும். தாளில் பழுது இருந்தால் 1,350 அருகே இன்னொன்று எழும்.

2008இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஜய் சூட் குழு, கிராஃபீன் டிரான்சிஸ்டரில் ஏறிய மின்னூட்டத்தையும் இதே ஒளியால் கண்டறியலாம் என்று காட்டியது.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, கிருஷ்ணன் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.