ஸ்கீமா சரிபார்ப்பு

தரவுத்தளத்துக்குள் வரும் ஒவ்வொரு பதிவையும் முன்பே வகுத்த விதிகளோடு ஒப்பிட்டு, மீறுவதை ஏற்க மறுக்கும் முறை. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரி இதற்கு வலுவான அடித்தளம் தந்தது.

தமிழக அரசின் பட்டா, சிட்டா இணையச் சேவையில் இதன் பயன் தெரியும். விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம் என்று தேர்ந்தெடுத்த பிறகே சிங்கவரம் கிராமத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அடுத்து புல எண், உட்பிரிவு எண். ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் சிங்கவரம், சிங்காவரம், சிங்கபுரம் என ஒரே ஊர் மூன்றாகிவிடும். இத்தகைய விதியைத் தரவு மாதிரி வரையும் கருவியில் மட்டும் எழுதிவைத்தால் போதாது. தரவுத்தளமும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆனால் சரியான புல எண்ணுக்கு எதிரே தவறான உரிமையாளர் பெயர் இருந்தால் இவ்விதிகள் கண்டுபிடிக்காது. அதற்குக் கள விசாரணைதான் வழி.