ஐந்தடி தண்ணீர்

பழைய டேங்கை ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, இடித்துவிட்டுப் புதுசு கட்டணுமா? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மொனோங்ககேலா ஆற்றங்கரையில் இருக்கும் புளோரெஃப் என்ற சின்ன ஊரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

1988 ஜனவரி 2, சனிக்கிழமை மாலை. அங்கே ஆஷ்லேண்ட் ஆயில் கம்பெனியின் டீசல் டேங்க் ஒன்று மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. உள்ளே இருந்தது சுமார் 39 லட்சம் கேலன், அதாவது ஒன்றரைக் கோடி லிட்டர். சுற்றுக் கரையைத் தாண்டி அடித்த அலையில் சுமார் ஏழரை லட்சம் கேலன் ஆற்றில் கலந்தது. மூன்று மாநிலங்களில் லட்சக்கணக்கானவர்களின் குடிநீர் பாழ்.

அந்த டேங்க் 40 வருஷப் பழசு. ஒஹையோவில் நின்றதை வெட்டிப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி வெல்டிங் வைத்து நிறுத்தியிருந்தார்கள். அதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல தகட்டை யார்தான் காயலான் கடைக்குப் போடுவார்கள்? ஆனால் ஒரு தகட்டில், வெல்டிங் ஓரமாக, சின்னதாக ஒரு பழைய குறை இருந்தது. அந்தக் கால எஃகு வேறு. குளிரில் வளையாது, கண்ணாடி மாதிரி உடையும். ஜனவரிக் குளிரில் முதல்தடவையாகக் கிட்டத்தட்ட முழுசாக நிரப்பினார்கள். அவ்வளவுதான்.

முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். டீசலைவிடத் தண்ணீர் கனம். உடைந்தாலும் போவது தண்ணீர்தான். அவர்கள் நிரப்பியது சுமார் ஐந்தடி. டேங்கின் உயரமோ 48 அடி! (கோடையில் சோதித்தால் குளிரில் உடையும் எஃகும் பாஸ் ஆகிவிடலாம் என்பது தனிச் சிக்கல்.)

பாஸ்டனில் வெல்லப்பாகு டேங்க் உடைந்து 21 பேர் செத்தது 1919-இல். அது 50 அடி டேங்க், சோதனைக்கு ஊற்றியது ஆறு அங்குலம். கசிந்தபோது இடுக்கை அடைத்தார்கள், வழிவது தெரியாமலிருக்கப் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள். அதைப் போய் ரிப்பேர் என்று எப்படிச் சொல்வது?

புளோரெஃபுக்குப் பிறகு, 1991-இல், ஏபிஐ 653 என்ற விதித்தொகுப்பு வந்தது. தகட்டின் கனத்தை அளந்து, எஃகின் தரத்தைப் பார்த்து, இது எத்தனை அடி தாங்கும் என்று கணக்குப் போடச் சொல்கிறது. நான் எதிர்பார்க்காத மூன்றாவது பதில் ஒன்றும் அதில் இருந்தது: ரிப்பேரும் வேண்டாம், புதுசும் வேண்டாம், கொஞ்சம் கீழே ஒரு கோடு போட்டு, இதுக்கு மேல ஊத்தாதேன்னு விட்டுவிடலாம்.