செடிக்குப் போன மருந்து, பிள்ளைக்கு வர 19 வருஷம்

தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டி, செதில் உதிரும் படர்தாமரை உயிரை எடுக்கும் நோய் இல்லை. ஆனால் அதற்குச் செய்த வைத்தியம் உயிரை எடுத்திருக்கிறது.

பூஞ்சை முடிக்குள்ளேயே, வேர் வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே தடவுகிற களிம்பு அங்கே எட்டாது. அதனால் முடியையே உதிர வைப்பதுதான் வழி என்று நினைத்தார்கள். பாரிஸ் சேன் லூயி மருத்துவமனையில் சபூரோ 1904ல் அதற்கு எக்ஸ்ரேயை ஒழுங்கான முறையாக்கினார். இரண்டு மூன்று வாரத்தில் முடி முழுக்கக் கொட்டிவிடும், நோயும் போகும்.

சரி, ஒரு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளை மெஷினுக்கு அடியில் அசையாம உட்காருமா? அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு தாலியம் அசிடேட்டை எடைக்கு ஏற்ப ஒரே வேளையாக வாய்வழியே கொடுத்தார்கள். தாலியம் எலி பாஷாணத்திலும் சேர்த்த விஷம். 1930ல் ஸ்பெயினின் கிரனாடாவில் அதைக் கொடுத்த 16 குழந்தைகளில் 14 பேர் இறந்துபோனார்கள்.

தாலியம் ஒதுங்கியது, எக்ஸ்ரே நின்றது. இஸ்ரேலில் 1948க்குப் பிறகு, பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதைச் செய்தார்கள். 1974ல் பரூக் மோடானும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடம் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடியிருப்பது தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், ஐந்து வயதுக்குள் கதிர் பட்டவர்களுக்குத்தான் தைராய்டு ஆபத்து அதிகம். நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1994ல்.

இதில் என்ன கொடுமைன்னா, மருந்து 1939லேயே கையில் இருந்தது. லண்டனில் ரைஸ்ட்ரிக் குழு ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபல்வினைப் பிரித்தெடுத்தது. அதைச் செடிகளின் பூஞ்சை நோய்க்குத்தான் சோதித்துப் பார்த்தார்கள். கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் 1958ல் கினிப் பன்றிகளுக்கு வாய்வழியே கொடுத்து, படர்தாமரை குணமாவதைக் காட்டினார். மருந்து ரத்தம் வழியாகப் போய், புதிதாக முளைக்கிற முடியின் கெரட்டினில் சேர்ந்துகொள்ளும். முடி வளர வளர பூஞ்சைக்கு இடம் இல்லாமல் போகும்.

வெறும் களிம்பு போதாது, பல வாரம் வாய்வழி மருந்து வேண்டும் என்று இன்றைக்கும் டாக்டர் சொல்வது இதனால்தான். புண் மறைஞ்சாச்சேன்னு பாதியில் நிறுத்தாதீங்க. பழைய முடி வெளியேறுகிற வரைக்கும் பூஞ்சை உள்ளேயேதான் இருக்கும்.