சிறுவர் விளைத்த சேதமும் பெற்றோர் பொறுப்பும்: ஒரு சட்ட வரலாறு

சிறுவன் எறிந்த கல் அண்டை வீட்டாரின் சாளரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறது. உடைத்தவன் கையில் காசில்லை. இழப்பை யார் ஈடுசெய்வது? தகப்பனார்தாம் என்று நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் கூறிவிடுவோம். ஆனால், நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் விடை வேறு. அதன் காரணத்தையும், பிற்காலச் சட்டங்களில் அது அடைந்த மாற்றத்தையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பருவமடையும் வரை சிறுவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. ஆகவே அவர்கள்மீது பாவமில்லை. ஆனால் பாவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டது. சேதமோ மனிதனின் உரிமையைச் சார்ந்தது. செய்தவனுக்குப் பாவமில்லை என்பதால் பொருள் இழந்தவரின் உரிமை அழிந்துவிடாது. தொட்டில் குழந்தையும் வாரிசுச் சொத்துக்கு உரியதாகிறது. உடைமை கொள்ளத் தகுதியுடைய உயிர் கடன் சுமக்கவும் தகுதியுடையதே. இத்தகுதியையே ஃபுகஹாக்கள் 'திம்மா' என்றனர். 1197இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) தமது 'ஹிதாயா'வில், சிறுவர்மீதுள்ள தடை (ஹஜ்ர்) அவர்களுடைய சொல்லைச் சார்ந்ததே அன்றிச் செயலைச் சார்ந்ததன்று என விளக்குகிறார். சிறுவன் செய்த விற்பனை செல்லாது. அவன் உடைத்த பாண்டமோ உடைந்ததுதான். எனவே ஈடு (ளமான்) அவனது சொத்திலிருந்தே கொடுக்கப்படும்.

தந்தையை ஏன் விட்டுவிட்டனர்? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருக்குர்ஆனின் (6:164) அடிப்படை நெறி. தந்தைக்கு உள்ள 'விலாயத்' மகனின் உடைமையைக் காக்கும் அமானிதமே. மகனின் கடனுக்குத் தரப்பட்ட பிணையன்று. அநாதையின் பொறுப்பாளருக்கும் இதே நிலைதான். அநாதை விளைக்கும் சேதங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் தம் கைப்பொருளைக் கொடுக்க வேண்டுமென்றால், அப்பொறுப்பை ஏற்க எவர் முன்வருவார்? ஆயினும் தந்தையே மகனை ஏவிச் சேதம் செய்வித்தால் அவர் தப்பிக்க முடியாது.

பொருளுக்குரியவரின் கவனக்குறைவையும் இமாம்கள் எடைபோட்டனர். சிறுவனிடம் ஒருவர் அடைக்கலமாகக் கொடுத்த பொருளை அவன் அழித்துவிட்டால் ஈடு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. பொருளை அவன் கையில் ஒப்படைத்தவர் உரியவரே அல்லவா? இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இதில் மாறுபட்டு, ஈடு உண்டு என்றார்.

இந்த ஹனஃபீ மரபை உதுமானிய அரசு சட்டப் பிரிவுகளாக வகுத்தது. அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா'வில் 1851 பிரிவுகள் உள்ளன. அதன் 916ஆம் பிரிவு தெளிவானது: சிறுவன் பிறர் பொருளை அழித்தால் ஈடு அவனது சொத்திலிருந்து வர வேண்டும், சொத்து இல்லையெனில் வசதி வரும்வரை காத்திருக்க வேண்டும், பொறுப்பாளரிடம் கேட்கலாகாது. கடன்பட்டவர் இடர்ப்பட்டால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லும் இறைவசனத்தின் (2:280) நெறியே இங்கும் வெளிப்படுகிறது.

ஆனால் காத்திருப்பவர் ஏழையாக இருந்தால்? சிறுவர் பலருக்குத் தனிச்சொத்து இல்லாத சமூகத்தில் 'வசதி வரும்வரை' என்பது பல ஆண்டுகளாக நீளக்கூடும். அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஹூரி உருவாக்கிய 1948ஆம் ஆண்டு எகிப்திய உரிமையியல் சட்டம் வேறு வழியில் சென்றது. அதன் 173ஆம் பிரிவின்படி சிறுவரைக் கண்காணிக்கும் கடமையுடையவரே ஈடு கொடுக்க வேண்டும். தாம் கண்காணிப்பில் தவறவில்லை என்றோ, உரிய கவனம் செலுத்தியிருந்தாலும் சேதம் நேர்ந்தே இருக்கும் என்றோ நிறுவினால் அவர் விடுபடலாம். பிரெஞ்சுச் சட்டத்தின் தாக்கம் இதில் உண்டு.

1976ஆம் ஆண்டு ஜோர்தானியச் சட்டம் நடுவழியைத் தேர்ந்தது. பகுத்தறியாச் சிறுவனாயினும் ஈடு அவனது சொத்திலேயே என்ற பழைய விதியை அது நிலைநிறுத்தியது. ஒருவரின் செயலுக்கு மற்றவர் பொறுப்பல்லர் என்றும் கூறியது. ஆயினும், தேவையெனக் கண்டால் கண்காணிப்பாளரைக் கொடுக்கச் செய்யும் அதிகாரத்தை நீதிபதிக்கு அளித்தது. அவ்வாறு கொடுத்தவர் அதைப் பின்னர்ச் சிறுவனிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

பழைய சட்டம் கடனை எவர் தலையிலும் மாற்றி ஏற்றாமல் காத்தது. புதிய சட்டம் இழப்புற்றவர் வெறுங்கையுடன் திரும்பாமல் காக்க முனைந்தது. இரண்டும் நீதியின் பக்கங்களே. தந்தைமீது சட்டக் கடமை இல்லையென்று ஃபிக்ஹு கூறுவதை, அவர் கைகட்டி நிற்கலாம் என்பதாக நாம் கொள்ளலாகாது. மகனுக்காக அவர் மனமுவந்து கொடுத்தால் அது இஹ்ஸான். அண்டை வீட்டார் பொறுத்துக்கொண்டால் அதுவும் இஹ்ஸானே. காழியின் தீர்ப்புக்குக் காத்திராமல் இவ்விருவரில் ஒருவர் முந்திக்கொள்வதே சிறப்பு.