எண்ணுவதிலிருந்து தடுப்பதற்கு: வீடற்ற நிலை குறித்த பல்கலைக்கழக ஆய்வுகளின் வளர்ச்சியும் ஓசூர் – வேப்பனப்பள்ளி எல்லைப் பகுதியும்

1. வரையறை

வீடற்றோர் யார் என்பதற்கு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. கட்டடத்திலோ வீட்டிலோ வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய், மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற திறந்த இடங்களில் தங்குவோர் இதில் அடங்குவர். கணக்கெடுப்புக் காலத்தின் கடைசி இரவில், 2011இல் பிப்ரவரி 28 அன்று, இவர்கள் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் பதிவாயினர். 2001இல் இந்த எண் 19.43 லட்சமாக இருந்தது. மொத்தம் குறைந்தாலும் அதன் உள்ளமைப்பு மாறியிருந்தது. கிராமப்புற வீடற்றோர் 11.65 லட்சத்திலிருந்து 8.35 லட்சமாகக் குறைய, நகர்ப்புற வீடற்றோர் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாகப் பெருகினர்.

இந்த வரையறை திறந்த வெளியில் படுப்பவரை மட்டுமே கணக்கில் கொள்கிறது. பத்துப் பேர் முறைவைத்துத் தூங்கும் அறையும், வேலை முடிந்ததும் காலி செய்யவேண்டிய தகரக் கொட்டகையும் இதற்குள் வருவதில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் டிப்பிளும் சூசன் ஸ்பீக்கும் இந்தியா உட்பட ஒன்பது வளரும் நாடுகளில் ஆய்வு நடத்தி 2009இல் ஒரு நூலை வெளியிட்டனர். மேலைநாட்டு வரையறைகளை அப்படியே எடுத்தாள்வதால் இந்நாடுகளில் பெருந்தொகையினர் கணக்கிலிருந்து மறைந்துபோவதை அந்நூல் விளக்கியது. வரையறையின் எல்லை எதுவோ அதுவே உதவியின் எல்லையாகவும் அமைகிறது. வீடற்ற நிலை பற்றிய ஆய்வு வரலாற்றைப் புரிந்துகொள்ள இதுவே அடிப்படை.

2. நடைபாதைவாசிகள் யார் என்ற கேள்வி

இத்துறையில் இந்தியாவின் தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று பம்பாயில் பிறந்தது. 1936இல் தொடங்கப்பட்ட டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பி. ராமச்சந்திரன் பம்பாய் நகர நடைபாதைவாசிகளைப் பற்றிய ஆய்வை 1972இல் வெளியிட்டார். கல்கத்தாவின் நடைபாதைவாசிகளைப் பற்றி விஜய் ஜெகந்நாதனும் அனிமேஷ் ஹல்தாரும் 1980களின் இறுதியில் எழுதினர். இக்காலத்து ஆய்வுகளிலிருந்து தெரியவந்த முதன்மைச் செய்தி, நடைபாதையில் வசிப்போரில் பெரும்பாலோர் உழைப்பாளிகள் என்பது. கிராமத்தில் நிலமும் வேலையும் இழந்து வந்தவர்கள், சுமை தூக்கியும் வண்டி இழுத்தும் பிழைத்தவர்கள் அவர்கள். வேலையிடத்துக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே தங்க வேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் கூலியில் மிச்சமிருக்காது.

1984இல் தொடங்கப்பட்ட ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் பம்பாயில் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஏற்ற நீதிமன்றம், உரிய அறிவிப்புக்குப் பின் நடைபாதைக் குடிசைகளை அகற்றவும் அனுமதித்தது. நடைபாதைவாசி உழைப்பாளி என்பது ஏற்கப்பட்டது; அவருக்கு மாற்று வீடு தரும் கடமை அரசின் மீது சுமத்தப்படவில்லை.

3. தங்குமிடம் உரிமையானது

அடுத்த கட்டத்தில் ஆய்வு நீதிமன்றத்துக்குள் நேரடியாக நுழைந்தது. டெல்லியில் ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற தொண்டு அமைப்பு 2000ஆம் ஆண்டில் நடத்திய தலைக் கணக்கெடுப்பு 52,765 வீடற்றோரைப் பதிவு செய்தது. திட்டக்குழுவுக்காக ஹர்ஷ் மந்தர் மேற்கொண்ட ஆய்வு டெல்லி, பாட்னா ஆகியவற்றோடு சென்னையையும் மதுரையையும் எடுத்துக்கொண்டது. தெருவில் வாழ்வோரின் உணவு, உறக்கம், நோய், காவல்துறைத் தொல்லை ஆகியவற்றை நான்கு நகரங்களிலும் ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வு அது.

2001இல் உணவு உரிமைக்காகத் தொடரப்பட்ட மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் உச்ச நீதிமன்றத்தின் ஆணையர்களாகப் பணியாற்றினர். 2009 டிசம்பரில் டெல்லியில் ஒரு இரவுத் தங்குமிடம் இடிக்கப்பட்டதை அவர்கள் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். அதிலிருந்து தொடங்கிய 2010ஆம் ஆண்டின் ஆணைகள், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவுகோலை நிறுவின. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. ஒரு காப்பகத்தில் குறைந்தது 50 பேர், ஒருவருக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறப்பு என்பன அதன் விதிகளாயின. செயலாக்கம் சுணங்கியதால், ஈ.ஆர். குமார் வழக்கில் 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றம் அமைக்க வேண்டியிருந்தது.

4. பல்கலைக்கழகம் களத்தில் இறங்கியது

டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2006இல் ‘கோஷிஷ்’ என்ற களச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டு இல்லங்களில் அடைக்கப்பட்டவர்களோடு அது பணியாற்றியது. வீடற்றிருப்பதையே குற்றமாக்கும் சட்டம் மறுவாழ்வுக்குத் தடையாக நிற்பதை இந்த அனுபவம் காட்டியது. தமிழ்நாட்டிலும் 1945ஆம் ஆண்டு முதல் இத்தகைய சட்டம் ஒன்று உண்டு. டெல்லியில் அமலிலிருந்த பம்பாய்ச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என அறிவித்தது. அதே ஆண்டு, பீகார் அரசின் வேண்டுகோளின்பேரில் கோஷிஷ் தயாரித்த காப்பகங்களின் சமூகத் தணிக்கை அறிக்கை முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தது. அவ்வழக்கில் 2020இல் தண்டனை விதிக்கப்பட்டது. காப்பகங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவற்றின் உள்ளே நடப்பதையும் வெளியிலிருந்து ஆராய வேண்டும் என்பது இதனால் நிலைபெற்றது.

தமிழ்நாட்டின் பங்களிப்பு மனநல வழியாக வந்தது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’, தெருவில் அலையும் மனநலம் குன்றிய பெண்களுக்கான இல்லமாகப் பிறந்தது. பின்னர் அதன் கல்விப் பிரிவு டாடா சமூக அறிவியல் நிறுவனத்துடன் இணைந்து முதுகலைப் படிப்புகளை நடத்தியது. சிகிச்சை முடிந்தும் திரும்பிப் போக வீடில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கிவிடும் சிக்கலுக்கு 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாடு விடையளித்தது. நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள். உதவிக்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். நிறுவனத்திலேயே தங்கியவர்களோடு ஒப்பிட்ட 18 மாத ஆய்வில், இவ்வீடுகளில் இருந்தவர்கள் அக்கம்பக்கத்து வாழ்வில் கூடுதலாகக் கலந்திருந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம், பெயரும் ஊரும் தெரியாமல் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று சேர்க்கப்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டது. சிகிச்சைக்குப் பின் அவர்களில் பலரால் தம் ஊரைச் சொல்ல முடிந்தது; அவர்கள் குடும்பங்களோடு சேர்க்கப்பட்டனர்.

5. வீடு முதலில்; அதற்கும் முன்னால் தடுப்பு

வெளிநாடுகளில் ஆய்வு இன்னொரு திசையில் வளர்ந்தது. 1998இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கல்ஹேன், ராண்டல் குன் ஆகியோர் நியூயார்க், பிலடெல்பியா காப்பகப் பதிவேடுகளைப் பகுத்தனர். காப்பகத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் சிறிது காலமே தங்கினர். நிரந்தரமாகத் தங்கிய சுமார் 10 சதவீதத்தினர் மொத்தக் காப்பக நாட்களில் ஏறத்தாழப் பாதியைப் பயன்படுத்தினர். இருசாராருக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பது இதன் முடிவு.

நிரந்தர வீடற்றோருக்கான வழியை 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிவைத்தார். குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்ற வரிசையைத் திருப்பிப் போட்டு, முதலில் வீட்டைக் கொடுப்பதே அவர் முறை. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்கள் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள் இம்முறையில் 62 சதவீதம். வழக்கமான சேவையில் 31 சதவீதம்.

வீடிழக்கும் முன்பே தடுக்க முடியுமா என்ற கேள்வியைச் சோதிக்கச் சிகாகோ ஒரு வாய்ப்பைத் தந்தது. வாடகைப் பாக்கிக்கு உதவி கேட்டு அங்குள்ள தொலைபேசி மையத்தை அழைப்போருக்கு, அன்று நிதி இருந்தால் பணம் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது. தகுதியில் வேறுபாடில்லாத இவ்விரு பிரிவினரையும் நோட்ரடாம் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஒப்பிட்டனர். உதவி பெற்றோர் ஆறு மாதங்களுக்குள் காப்பகத்துக்குச் செல்லும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்ததை 2016இல் வெளியிட்டனர். உதவி கிடைக்காதவர்களிலும் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேரே காப்பகம் வரை சென்றனர் என்பதும் இதே ஆய்வின் முடிவு. ஆகவே யாருக்கு உதவினால் வீடிழப்பு நிற்கும் என்று முன்கூட்டியே கண்டறிவதே தடுப்பு ஆய்வின் கடினமான பகுதி.

இந்தியச் சூழலில் தடுப்பு என்பது வெளியேற்றத்தையும் உள்ளடக்கியது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கரேன் கொயெல்ஹோ தம் குழுவினருடன் சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வு, மறுகுடியமர்வுக்குப் பின் மக்களின் வேலையும் வருமானமும் எவ்வாறு குலைந்தன என்பதை ஆராய்ந்தது. பிழைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட வீடு குடும்பத்தைக் காப்பதில்லை. 1972இன் பம்பாய் நடைபாதையும் இதே உண்மையைத்தான் சொன்னது.

6. ஓசூர் – வேப்பனப்பள்ளி எல்லைப் பகுதி

கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004இல் பிரிக்கப்பட்டது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகளைச் சுற்றி ஓசூர் வளர்ந்தது, 2019இல் மாநகராட்சியானது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே கர்நாடகமும் ஆந்திரமும் தமிழ்நாட்டைத் தொடும் மூலையில் வேப்பனப்பள்ளி இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் இப்பகுதிக்கு வட மாநிலத் தொழிலாளர்களும் வருகிறார்கள். ஆலைகள், கட்டுமானம், கிரானைட் குவாரிகள், பசுமைக்குடில் மலர்ச் சாகுபடி ஆகியவை அவர்களை ஈர்க்கின்றன.

மேலே கண்ட திட்டங்களை இந்நிலப்பரப்பில் வைத்துப் பார்த்தால் இடைவெளிகள் தெரியும். காப்பகத் திட்டம் நகராட்சிகளுக்கும் பிற நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் உரியதாக வகுக்கப்பட்டது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதன் வரம்புக்குள் வந்தன. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான வேப்பனப்பள்ளி பேரூராட்சி அல்ல, ஆகவே வரவில்லை. ஊரக வீட்டுத் திட்டங்கள் அந்த ஊரிலேயே குடியிருப்போருக்கானவை. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் குடிசையில்லாத் தமிழகத்தை இலக்காகக் கொண்டு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் மாத வாடகைக்கும் குவாரிக் கொட்டகையில் கூலிக்கும் இருப்பவர் காப்பகத் திட்டத்திலும் வீட்டுத் திட்டங்களிலும் இடம்பெறுவதில்லை.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரரே தகுந்த இருப்பிடம் தரவேண்டும் என்றது. இந்த ஏற்பாட்டின் மறுபக்கம், வேலையும் உறைவிடமும் ஒருவர் கையிலேயே இருப்பது. வேலை போகும் நாளில் தங்குமிடமும் போகிறது. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நாடு முழுவதும் நடந்தது இதுதான். அதன் பிறகே, அந்த ஜூலையில், நகர்ப்புறத் தொழிலாளர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

7. முடிவுரை

ஐம்பதாண்டு ஆய்வில் கேள்வி நான்கு வடிவங்கள் எடுத்திருக்கிறது: யார் இவர்கள், என்ன உரிமை உண்டு, எது பயன் தருகிறது, எப்படித் தடுப்பது. முதல் மூன்றுக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் விடை தேடியிருக்கின்றன. நான்காவது கேள்விக்கான ஆய்வுக்களம் ஓசூர், வேப்பனப்பள்ளி போன்ற தொழில் எல்லைகளே. வேலையிழப்புக்கும் வீடிழப்புக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது, எந்த அளவு வாடகை உதவி அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கும், பல மொழி பேசுவோருக்கு அது எந்த வழியில் சென்று சேரும் என்பவை அளந்து அறியக்கூடியவை.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பழைய வரையறையோடு மட்டும் அது நின்றால் கொட்டகைவாசிகள் மீண்டும் ‘வீடுள்ளவர்’ பட்டியலிலேயே இருப்பார்கள். அந்த எண்களோடு சேர்த்துப் படிக்கத்தக்க களக் கணக்கெடுப்பை எல்லை மாவட்டங்களின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதே பருவத்தில் நடத்துவதே இப்போதைய தேவை.