கொசஸ்தலையாற்றில் பெய்லி தொலைத்த ஒன்பது நாள்

அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே இருக்கும் புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தார்கள். எல்லாரும் மைசூர் ராக்கெட் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கென்னவோ ஆறுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

குண்டூரிலிருந்து வந்த பெய்லி, ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலையாற்றின் வடகரையில் முகாம் போட்டார். அன்றைக்கே இறங்கிக் கடந்திருக்கலாம். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. அக்கரை போக செப்டம்பர் 3 ஆனது. கி.மு. 55-ல் சீசர் ரைன் நதிக்கே பத்து நாளில் மரப்பாலம் போட்டவர். இவர் கிட்டத்தட்ட அத்தனை நாளும் கரையிலேயே இருந்தார். அதற்குள் திப்பு வழிமறித்தாயிற்று. காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ (சென்னையில் குதிரைமேல் சிலையாக இருப்பவர் தாமஸ், அவர் வேறு) அரிசியையும் பீரங்கிகளையும் விட்டு நகரவில்லை; உதவிக்குச் சுமார் ஆயிரம் பேரை அனுப்பினார், அவ்வளவுதான். புள்ளலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பிடிபட்ட பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் இறந்தார்.